பெரிய சொற்கள் காத்திருக்கட்டும், ‘கெட்’ முதலில் வரட்டும்



தினம் பத்துப் புதிய ஆங்கிலச் சொல் என்று கைபேசியில் வந்து விழுகிற பட்டியல்களைக் கண்டால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. கொல்கத்தாவில், லேக் மார்க்கெட் பக்கம், நம் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நெடுநாளாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ‘யுபிக்விட்டஸ்’ என்ற சொல்லுக்குப் பொருள் தெரிந்த பிள்ளை, நேற்று வீடு வந்து சேர நேரமாகிவிட்டது என்று சொல்ல முடியாமல் திணறுகிறது. அதற்குத் தேவையான சொல் ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து: ‘கெட்’.

அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்டால் எல்லோரும் ‘பெறு’ என்பார்கள். சரிதான். ‘கெட்’டின் இறந்தகாலம் ‘காட்’: ‘ஐ காட் எ லெட்டர்’, கடிதம் கிடைத்தது. ஆனால் ஆங்கிலேயர் பேச்சில் ‘கெட்’ அந்த ஒரு வேலையோடு நிற்பதில்லை. ‘இட் இஸ் கெட்டிங் டார்க்’ என்றால் இருட்டுகிறது. ‘ஷி காட் ஆங்ரி’ என்றால் அவளுக்குக் கோபம் வந்தது. ‘தே காட் மேரிட்’ என்றால் கல்யாணம் ஆயிற்று. ‘ஹி காட் லாஸ்ட்’ என்றால் வழி தவறிப்போனான். பாருங்கள், தமிழில் ஒரு தடவை ‘வந்தது’, ஒரு தடவை ‘ஆயிற்று’, ஒரு தடவை ‘போனான்’. நாம் வினைக்கு வினை மாற்றுகிற இடத்திலெல்லாம் ஆங்கிலம் ஒரே சொல்லை வைத்து ஒப்பேற்றிவிடுகிறது. ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறினால் ‘கெட்’. மறுபடியும் சொல்கிறேன்: நிலை மாறினால் ‘கெட்’.

வங்காளிகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. எங்கள் பக்கத்து வீட்டு மாஷிமா, என் மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் “கிதே பெயெச்சே?” என்று கேட்பார். பசிக்கிறதா என்பதுதான் கேள்வி. சொல்லைப் பிரித்தால் பசியைப் பெறுவது. பயமும் தூக்கமும்கூட அவர்கள் பேச்சில் அப்படிப் ‘பெறுகிற’ பொருள்கள்தான். அதனால் ‘பெறு’ என்கிற சொல் உடம்புக்கும் மனதுக்கும் நேர்வதைச் சொல்லும் என்பது அவர்கள் காதுக்குப் பழகிய சங்கதி. நமக்கும் வழி இல்லாமல் இல்லை. ‘அடி வாங்கினான்’ என்கிறோமே, அந்த ‘வாங்கு’ எந்தக் கடையில் வாங்கியது? அங்கிருந்து பிள்ளைகளைத் தொடங்கச் சொல்வேன்.

எந்தச் சொல்லை முதலில் கற்பிப்பது என்ற பேச்சு வந்தால் மைக்கேல் வெஸ்ட்டைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. இந்தியக் கல்விப் பணியில் வங்காளத்துக்கு வந்து, டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். வங்காளத்தின் இருமொழி நிலை பற்றி அவர் எழுதிய நூல் 1926-இல் இதே கல்கத்தாவிலிருந்து அரசு வெளியீடாக வந்தது. படிப்பைப் பாதியில் விடுகிற வங்காளப் பிள்ளைகள்தான் அவருடைய கவலை. ஆயுள் காப்பீட்டுப் பாலிசியை இடையில் நிறுத்தினால் சரண்டர் வேல்யூ என்று ஒரு தொகை கைக்கு வருமல்லவா? அதே சொல்லை எடுத்து அவர் கேட்டார்: பள்ளியை இடையில் விட்ட பிள்ளை கையில் ஆங்கிலத்தின் சரண்டர் வேல்யூ என்ன? ஏறத்தாழ நூறு வருடம் ஆகிறது. இதைவிட நல்ல கேள்வியை ஆங்கிலம் கற்பிக்கிற யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அவர் வேலை முழுவதும் நடந்தது. எந்தச் சொல் அதிகம் புழங்குகிறதோ அது முதலில். பாடப்புத்தகத்தில் ஒரு பக்கத்தில் ஒரு சில புதுச் சொல்லுக்கு மேல் கூடாது. 1935-இல் அவரும் எண்டிகாட் என்பவரும் சேர்ந்து ஓர் அகராதி கொண்டுவந்தார்கள். 18,000 சொற்களுக்கும் 6,000 மரபுத்தொடர்களுக்கும் விளக்கம். அத்தனை விளக்கத்தையும் எழுதப் பயன்பட்ட சொற்கள் 1,490 மட்டும். 1953-இல் வந்த அவருடைய பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல்தான் என் மேசையை விட்டு நகராத புத்தகம். ஏறக்குறைய 2,000 சொற்கள். சொல்லின் ஒவ்வொரு பொருளும் நூற்றுக்கு எத்தனை முறை வருகிறது என்ற கணக்கும் கூடவே இருக்கும். சொல்லை எண்ணியவர்கள் பலர். பொருளை எண்ணிய கணக்கை ஆசிரியர் கையில் கொடுத்தவர் வெஸ்ட். பட்டியல் பழசு, கம்ப்யூட்டர் காலத்துச் சொற்கள் அதில் இல்லை என்பார்கள். இருக்கட்டும். ‘கெட்’ பழசாகவில்லையே!

வெஸ்ட் வாசிப்பை முன்னால் வைத்தவர். காதை முன்னால் வைத்தவர் தாகூர். 1909-இல் ‘இங்ரேஜி ஸ்ருதிசிக்ஷா’ என்று, கேட்டுப் பழகுவதற்காகவே ஒரு சிறு பாடநூல் எழுதினார். சொல்லைத் தேர்ந்தெடுக்க வெஸ்ட், அதைப் பழக்கத் தாகூர் என்று நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

காதால் பழகக் கொல்கத்தாத் தெருவே போதும். டாக்ஸியில் ஏறினால் ‘கெட் இன்’, இறங்கினால் ‘கெட் அவுட் ஆஃப்’. ட்ராமிலோ பஸ்ஸிலோ மெட்ரோவிலோ ஏறினால் ‘கெட் ஆன்’, இறங்கினால் ‘கெட் ஆஃப்’. உள்ளே எழுந்து நடக்க இடமிருந்தால் ‘ஆன்’, குனிந்து உட்கார வேண்டியதென்றால் ‘இன்’. பெரும்பாலும் இந்தக் கணக்குத் தப்பாது. ஹவ்ராவுக்குப் போய்ச் சேர்ந்தால் ‘காட் டு ஹவ்ரா’. வீட்டுக்கு வந்து சேர்ந்தால் வெறும் ‘காட் ஹோம்’. வீட்டுக்கு ‘டு’ வேண்டாம். இன்னொரு முறை: வீட்டுக்கு ‘டு’ வேண்டாம்.

என்னிடம் படித்த ஓர் இளைஞர், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அலுவலகத்தில் ‘ஐ கட் மை ஹேர்’ என்று சொல்லியிருக்கிறார். மேலாளர் வியந்துபோய், நீங்களேவா என்று கேட்டாராம். தமிழில் ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்றால் சலூன்காரர் வெட்டியதாகவே எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் அதற்கும் ‘கெட்’ வேண்டும்: ‘ஐ காட் மை ஹேர் கட்’. பிறரைக்கொண்டு செய்வித்தால் ‘கெட்’. மிக்ஸி பழுது பார்க்கவோ, சட்டை தைக்கவோ, செருப்புத் தைக்கவோ கொடுத்தாலும் இதே அமைப்புத்தான்.

விண்ணப்பத்திலும் அலுவலகக் கடிதத்திலும் ‘ரிசீவ்’, ‘அப்டெயின்’ எழுதுங்கள். அங்கே அதுதான் அழகு. ஆனால் பேச்சு ‘கெட்’டின் ராஜ்யம்.

இந்த ஒரு வாரம் புதிய ஆங்கிலச் சொல் எதையும் மனப்பாடம் செய்யாதீர்கள். கிரிக்கெட் வர்ணனையிலோ, செய்தியிலோ, பிள்ளைகள் பார்க்கும் படத்திலோ ‘கெட்’ காதில் விழும்போதெல்லாம் அந்த வாக்கியத்தை முழுதாக ஒரு நோட்டில் எழுதுங்கள். தனிச் சொல்லாக எழுத வேண்டாம், வாக்கியமாக எழுதுங்கள். பக்கத்தில் அதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்றும் குறியுங்கள். வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் அதையும் கூட உட்கார வையுங்கள்.