பட்டமும் பறப்பும்

(நூற்றாண்டு விழாவையொட்டி உயர்தர வகுப்பு மாணவிகளுக்கு நடத்தப்பட்ட தொழில் வழிகாட்டல் நிகழ்வில், பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் தமது வகுப்பினர் சார்பில் ஆற்றிய உரை)



விமானச் சத்தம் கேட்டால் புத்தகத்தைப் போட்டுவிட்டுப் பதுங்கு குழிக்குள் ஓடிய வகுப்பு எங்களுடையது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நடந்தபோது எங்களுக்குப் பதினான்கு வயது. இந்தப் பாடசாலைப் பிள்ளை ஒருத்தி ஒருநாள் விமானம் ஓட்டுவாள் என்று அந்நாளில் யாராவது சொல்லியிருந்தால் பகிடி என்றே நினைத்திருப்போம்.

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தா. மகளுக்கு உயர்தரத்தில் நல்ல பெறுபேறு. கொழும்புப் பக்கம் பல்கலைக்கழக அனுமதியும் கிடைத்திருந்தது. பிள்ளையோ, "எனக்குப் பட்டம் வேண்டாம், நான் விமானியாகப் போறன்" என்று நின்றாள். தோழி கேட்டது வேறு கேள்வி: "பயிற்சிக்குப் பெருந்தொகை முடியுமாம். சீதனக் காணியை விற்கலாமோ?"

எங்களிடம் உடனே பதில் இருக்கவில்லை. எங்கள் வகுப்பில் வைத்தியர், கணக்காளர், ஆசிரியை என மூவர் சேர்ந்து விசாரித்தோம். அப்போது அறிந்ததையே இன்று உங்களுக்கும் சொல்கிறோம்.

முதலாவது உடல். விமான நிறுவனத்தில் பறக்க முதலாம் தர மருத்துவச் சான்றிதழ் வேண்டும். 40 வயதுக்குட்பட்டவர்கள் 12 மாதங்களுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். கண்ணாடி போடுவது தடையல்ல. கண்ணாடியுடன் ஒவ்வொரு கண்ணுக்கும் குறைந்தது 6/9 பார்வை இருக்க வேண்டும். நிறப்பார்வை, செவிப்புலன், இதயம், வலிப்பு வரலாறு எல்லாம் பார்ப்பார்கள். ஆகவே காணியை விற்பதற்கு முன், பயிற்சிக் கல்லூரிக்கு முற்பணம் கட்டுவதற்கும் முன், இந்தச் சான்றிதழை எடுங்கள். இழுப்பு இருந்தால் மறைக்க வேண்டாம். ஆரம்பத்திலேயே சொன்னால் வைத்தியர் வழி பார்ப்பார். பாதிப் பயிற்சியில் தெரியவந்தால் பணமும் காலமும் வீணாகும்.

இரண்டாவது மணித்தியாலங்கள். சர்வதேச விதிகளின்படி தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்கு 17 வயதும் ஏறத்தாழ 40 மணித்தியாலப் பறப்பும் வேண்டும். வர்த்தக விமானிக்கு 18 வயதும் 200 மணித்தியாலமும். அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியானால் 150. விமானத் தலைவர் பொறுப்புக்கு வேண்டிய அனுமதிப்பத்திரத்துக்கோ 1500 மணித்தியாலம். பரீட்சைக்குப் படிப்பதுபோல் கடைசி இரவில் இவற்றைச் சேர்க்க முடியாது. இடையில் இரண்டு மாதம் விட்டால், மறந்த கைப்பழக்கத்தை மீட்கவே சில மணித்தியாலங்கள் போகும். அதற்கும் காசு கட்டவேண்டும்.

அதனால் பட்டத்தையும் பறப்பையும் ஒரே கிழமைக்குள் திணிக்காமல் ஒரு வரிசையில் வைத்தோம். முதலில் மருத்துவச் சான்றிதழ். பிறகு பட்டப்படிப்பு. நீண்ட விடுமுறைகளில் இரத்மலானையில் தங்கித் தொடர்ச்சியாகப் பறந்து தனியார் அனுமதிப்பத்திரம். இறுதியாண்டுப் பரீட்சை முடிந்த பின்னர் வர்த்தகப் பயிற்சி. எழுத்துப் பரீட்சைகளையும் வெகு முன்னதாக எழுதிவிடக் கூடாது. ஐரோப்பிய விதிகளில் எல்லாப் பாடங்களும் சித்தியடைந்து 36 மாதங்களுக்குள் வர்த்தக அனுமதிப்பத்திரத்தைப் பெறவேண்டும். எந்த நாட்டில் பறக்கப் போகிறீர்களோ, அந்த நாட்டின் காலவரையை முதலில் கேட்டறியுங்கள்.

"அப்படியானால் பட்டம் எதற்கு?" என்று பிள்ளை கேட்டாள். நியாயமான கேள்விதான். அனுமதிப்பத்திரத்துக்குப் பட்டம் கட்டாயமில்லை. அமெரிக்காவின் டெல்டா நிறுவனம்கூட 2022இல் அந்த நிபந்தனையை நீக்கியது. ஆனால் எங்கள் பலாலியைப் பாருங்கள். 2019 ஒக்ரோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தார்கள். 2020 மார்ச்சில் தொற்றுநோயால் சேவை நின்றது. மறுபடி சென்னை விமானம் வந்தது 2022 டிசெம்பரில். அந்த இடைவெளியில் உலகெங்கும் எத்தனையோ விமானிகள் வேலையின்றி வீட்டில் இருந்தார்கள். வானம் மூடப்பட்டாலும் நிலத்தில் நின்று உழைக்க ஒரு தகைமை வேண்டும். மருத்துவச் சான்றிதழ் ஒரு நோயால் இல்லாமற் போனாலும் அந்தப் பட்டம் கையில் இருக்கும்.

மூன்றாவது நித்திரை. இதை வைத்தியராகச் சொல்கிறோம். தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் செயற்றிறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் உள்ளவரின் அளவுக்குக் குறையும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. உள்ளகப் பயிற்சிக் காலத்தில் ஓரிரவு முழுதும் விழித்திருந்து, விடியற்காலையில் ஒரு குழந்தைக்கு மருந்தின் அளவைப் பத்து மடங்காக எழுதினோம். தாதி ஒருவர் கண்டு தடுத்தா. அந்தக் காலை இன்றும் எங்களை விட்டுப் போகவில்லை. விமானத்தில் தனியாகப் பறக்கும் மாணவிக்குப் பக்கத்தில் தாதி இல்லை. விரிவுரைக்குக் கண்விழித்துப் படித்த மறுநாள் பறக்காதீர்கள். தடிமனுக்குப் போடும் சாதாரணக் குளிசைகூட நித்திரையைத் தரும். அதைப் போட்டுக்கொண்டும் பறக்கக் கூடாது. "இன்று என்னால் முடியாது" என்று பயிற்றுநரிடம் சொல்வது வெட்கமல்ல.

இன்னுமொன்று ஆங்கிலம். சர்வதேசச் சேவையில் பறக்க ஆங்கிலத்தில் குறைந்தது நான்காம் மட்டத் தேர்ச்சி வேண்டும். தமிழ்மொழி மூலம் படிப்பவர்கள் பயப்படவேண்டாம். ஆனால் இன்றிலிருந்தே வாய்திறந்து பேசிப் பழகுங்கள்.

அந்தப் பிள்ளை இப்போது மூன்றாம் வருடம் படிக்கிறாள். கண்ணாடியுடன்தான் மருத்துவப் பரிசோதனையில் தேறினாள். சென்ற விடுமுறையில் முதன்முதலாகத் தனியே பறந்து இறங்கினாள். காணியை இன்னும் விற்கவில்லை. வர்த்தகப் பயிற்சிக்கு அதில் ஒரு பகுதியை ஈடுவைக்க வேண்டிவரலாம். ஆனால் அவளால் முடியும் என்று தெரிந்த பிறகே வைப்பார்கள்.

வெளிநாடுகளிலிருந்து இந்த மலரைப் படிக்கும் தோழிகளிடம் ஒரு வேண்டுகோள். முழுப் பயிற்சிக்கும் உதவ எல்லோராலும் முடியாது. ஆனால் ஆசைப்படும் ஒரு மாணவியின் முதல் மருத்துவப் பரிசோதனைச் செலவை ஒவ்வொரு வகுப்பும் ஏற்கலாம். எங்கள் வகுப்பு தொடங்கிவிட்டது.

தோழி சொன்னா, விமானச் சத்தம் கேட்டால் இன்னமும் முதலில் கால் நடுங்குதாம். பிறகு முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்க்கிறாவாம்.