ஒன்றுபட்டு எழும் ஒளி

1960 ஆம் ஆண்டில் தியடோர் மைமன் என்னும் அமெரிக்க விஞ்ஞானி மாணிக்கக் கோலொன்றிலிருந்து முதல் லேசர்க் கதிரை எழச் செய்தார். இன்று லேசர்கள் மைக்கிரோமீற்றரால், அதாவது ஒரு மீற்றரின் பத்து இலட்சத்திலொரு பங்கால், அளக்கத்தக்க அளவிற்குச் சிறுத்துவிட்டன. சிறுத்தமையால் வலுவும் குன்றிற்று. பலவற்றை அருகருகே நிறுத்தினால் வலுப் பெருகுமன்றோ என நேயர்கள் வினவக்கூடும். பெருகும், ஆயினும் ஒழுங்கு கெடும்.

நெருங்கி நிற்கும் லேசர்களில் ஒன்றன் ஒளி மற்றொன்றினுட் கசிந்து புகும். ஆகவே ஐந்து லேசர்கள் சேர்ந்தால் அவை ஐந்து வகையாக அதிரலாம். ஒவ்வொரு வகைக்கும் மீடிறன் வேறு. அவற்றுள் அடிப்படையான ஒன்றில் மட்டுமே ஐந்தும் ஒருசேர ஏறி ஒருசேர இறங்கும். ஒளியும் ஒரே கற்றையாய் நேரே செல்லும். அயலயலே நிற்பவை எதிரெதிராய் அதிரும் வகையிலோ, நடுவில் இருள் விழுந்து கற்றை இரண்டாகப் பிளக்கும். வகைகள் கலந்தெழுந்தால், ஓடத்தில் ஐவர் ஐந்து தாளத்திற்குத் துடுப்பு வலித்த கதைதான். தொலைவை அளக்கும் கருவிக்கு அத்தகைய ஒளி உதவாது.

அடிப்படையை விடுத்து ஏனைய நான்கையும் அடக்குவது எங்ஙனம்? விடை வந்த இடம் வியப்புக்குரியது. 1970களில் துணிக்கைப் பௌதிகவியலார் மீச்சமச்சீர் என்னும் கொள்கையை வகுத்தனர். ஒவ்வொரு துணிக்கைக்கும் ஓர் இணைத்துணிக்கை உண்டு என்பது அதன் கூற்று. ஜெனீவாவிலுள்ள மாபெரும் மோதுகருவியிலும் அத்தகைய இணை எதுவும் இதுவரை அகப்படவில்லை. ஆனால் அதன் கணிதம் வீண்போகவில்லை. ஒரு தொகுதிக்கு அக்கணிதப்படி இணைத்தொகுதி அமைத்தால், முன்னதன் மீடிறன்கள் யாவும் பின்னதிலும் இருக்கும், அடிப்படையான ஒன்றைத் தவிர.

இதனை மத்திய புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் மேர்சிடே காஜாவிகான் குழுவினர் செய்து பார்த்து, 2019 இல் முடிவை வெளியிட்டனர். குறைகடத்தித் தகட்டில் ஐந்து லேசர்களைச் செதுக்கி, அவற்றின் பக்கத்தே நான்கு கொண்ட இணைவரிசை ஒன்றையும் அமைத்தனர். ஊட்டம் ஐந்துக்கே, நான்குக்கு இல்லை, ஆதலால் அவை ஒளியை விழுங்குவன. மேல் வகைகள் நான்கும் தத்தம் மீடிறனொத்த துணை கிடைத்தவுடன் அப்பக்கம் பாய்ந்து அங்கேயே மடிந்தன. துணையற்ற அடிப்படை வகை மட்டும் தப்பி ஓங்கிற்று. துணையின்மையே அதற்குக் காப்பாயிற்று!

2021 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து லியாங் பெங் குழுவினர் இம்முறையை ஒற்றை வரிசையிலிருந்து பரப்பிற்கு விரித்தனர். நுண்வளையங்கள் நீளத்திலும் அகலத்திலும் அடுக்கப்பட்டிருந்தும், எல்லாம் ஒரே மீடிறனில், அதிகம் விரியாத ஒரே கற்றையாக ஒளியை உமிழ்ந்தன.