சலாபக் கடற்கரை



முத்தைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். கொற்கையின் புகழையும் மார்க்கோ போலோவின் வியப்பையும் இங்கே என்னினும் நன்றாகச் சொல்ல வல்லவர் பலர். நான் கண்டது சிறிது. 1961-இல், எனக்குப் பத்து வயது நடக்கையில், தூத்துக்குடிக் கடலில் நடந்த சலாபம் அது. அதன்பின் இக்கடலில் சலாபம் நடைபெறவில்லை.

அச்சொல்லை இளையோர் கேட்டிருக்க மாட்டீர்கள். முத்துக்குளிப்புப் பருவத்திற்கு எங்கள் கரையில் அதுவே பெயர். சிப்பி விளையும் கடலடித் தளத்தைப் ‘பார்’ என்போம். தோலாயிரம் பார் அவற்றுள் பெயர் பெற்றது. பார் எப்போது விளையும் என்பது கடலுக்கே வெளிச்சம். 1928-க்குப் பின் 27 ஆண்டுகள் சலாபம் இல்லை. 1955-இல் கடல் மீண்டும் கை திறந்தது.

சலாபம் என்றதும் வெறும் மணலில் ஓர் ஊர் முளைத்துவிடும். ஓலைக் கொட்டகைகள், தேநீர்க் கடைகள், தரகர்கள், பல ஊர்க் குளியாட்கள், முத்து வணிகர்கள். பின்னிரவில் கரைக்காற்றைப் பிடித்துச் செல்லும் தோணிகள் பிற்பகலில் கடற்காற்றோடு திரும்பும். குளித்தவர் பங்கு போக அரசின் பங்கு ஆயிரம் ஆயிரமாக ஏலத்தில் போகும். உள்ளே என்ன இருக்கிறதென்று ஏலம் கேட்பவருக்கும் தெரியாது. கடனாளியாகப் போனவர் உண்டு. காரில் திரும்பியவரும் உண்டென்பார்கள், நான் பார்த்ததில்லை. ஏலம் எடுத்த சிப்பியை அழுகவிட்டுக் கழுவித்தான் முத்தெடுக்க வேண்டும். அந்த நாற்றமும் ஈக்கூட்டமும் ஊரையே மூடும். நம் வட்டத்துக் கவிதைகளில் ‘முத்துப்பல்’ எத்தனை முறை வருகிறதென ஒருநாள் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டேன். ஒவ்வொரு பல்லுக்கும் அந்த ஈக்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

என் பெரியப்பா குளியாள். குளிகல்லில் ஒரு கால் ஊன்றி, மூச்சை அடக்கி, பத்துப் பாகம் இறங்குவார். மூச்சுக் கருவி ஏதும் கிடையாது. கையில் அகப்பட்டதை வலைப்பையில் வாரிக்கொண்டு கயிற்றை அசைத்தால் மேலிருப்பவர் இழுக்க வேண்டும். கயிறு பிடித்தவர் பெரியம்மாவின் அண்ணன். எங்கள் கரையில் மைத்துனரையே அதற்கு வைப்பார்கள். தங்கையின் தாலியை நினைத்தாவது விரைந்து இழுப்பார் என்பது கணக்கு. அவர் ஒருநாளும் தாமதித்ததில்லை. ஆனால் ஆழத்தின் அழுத்தத்திற்கு எந்த மைத்துனர் என்ன செய்வார்? பெரியப்பாவின் இடச்செவி அந்த ஆண்டே போயிற்று. அதன்பின் யார் பேசினாலும் வலப்பக்கம் திரும்பி நிற்பார். தெரியாதவர்கள் அதைச் செருக்கென்று நினைத்தார்கள்.

1962-இல் பார் விளையவில்லை என்றார்கள். அடுத்த ஆண்டும் அப்படியே. சில காலம் சங்கு குளிக்கப் போனார்; வங்கத்துப் பெண்களின் வளையலுக்காகச் சங்கு இங்கிருந்துதான் சென்றது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இதே தூத்துக்குடியில் சிப்பிக்குள் கருவைப் பொதிந்து வளர்ப்பு முத்து எடுத்தார்கள். செய்தியை நான்தான் அவருடைய வலச்செவியில் படித்துக் காட்டினேன். “கடலுக்குள்ள இறங்காமலேயா?” என்று மட்டும் கேட்டார். மறு ஆண்டு புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. மூட்டை தூக்க அங்கே போனார்.

ஆயினும் மாசி பிறந்தால் கடற்கரைக்கு நடந்து, தோணிக்காரர்களிடம் பாரைப் பற்றி விசாரிப்பதை அவர் விடவில்லை. 1988-இல் காலமானார். அவருடைய குளிகல் எங்கள் வீட்டில் இருக்கிறது. கயிறு கோத்த துளையோடு அதைப் பெரியம்மா ஊறுகாய்ச் சாடியின் மேல் பாரமாக வைத்திருந்தார். இப்போது என் மருமகள் வைத்திருக்கிறாள். அது என்ன கல்லென்று இதுவரை அவள் கேட்டதில்லை.