பீட்டர் பானும் வயர் ரோப்பும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் படித்துவிட்டு கிரேன் பரிசோதனை செய்கிறவனுக்குக் குழந்தைகள் சினிமாவில் என்ன வேலை என்று கேட்பீர்கள். கம்பிதான் வேலை.

'பீட்டர் பா'னை நம்மில் பலர் 1953-ல் வந்த டிஸ்னி கார்ட்டூனாகத்தான் பார்த்திருப்போம். அது முதலில் நாடகம் சார். ஜே.எம். பாரி எழுதி, 1904 டிசம்பர் 27 அன்று லண்டன் டியூக் ஆஃப் யார்க்ஸ் தியேட்டரில் அரங்கேறியது. பீட்டர், வெண்டி, அவள் தம்பிகள் இருவர் என்று நாலு பேர் மேடையில் பறக்க வேண்டும். அதற்கு முன்பும் மேடையில் ஆட்கள் பறந்ததுண்டு. ஆனால் இங்கே பேசிக்கொண்டிருக்கும்போதே பறந்து, இறங்கி, மறுபடி நடக்கவும் வேண்டுமே! ஜார்ஜ் கிர்பி என்பவர் சட்டென்று மாட்டிக் கழற்றக்கூடிய புது ஹார்னஸ் ஒன்றைச் செய்து கொடுத்தார்.

முதலாமாண்டு தம்பிகள் கவனிக்கவும். மேடை மேலிருந்து 9 மீட்டர் கம்பியில் ஆளைத் தொங்கவிட்டால் அவர் ஒரு பெண்டுலம். ஒருமுறை போய்த் திரும்ப ஏறக்குறைய 6 விநாடி. ஆள் குண்டா ஒல்லியா என்பது கணக்கிலேயே வராது, நீளம்தான் கணக்கு. அந்த நிதானமான வீச்சுதான் கண்ணுக்குப் 'பறப்பது' என்று படுகிறது.

நாடகம் பார்த்த பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க் கட்டிலிலிருந்து குதித்தார்கள். அடிபட்டு டாக்டரிடம் போகும்படி ஆயிற்று. பெற்றோர் கேட்டுக்கொண்டதால் பாரி ஒன்றைப் புதிதாகச் சேர்த்தார்: தேவதைத் தூள் மேலே பட்டால்தான் பறக்க முடியும்! நாங்கள் கிரேனில் 'இத்தனை டன்னுக்கு மேல் தூக்காதே' என்று பெயிண்டில் எழுதி வைப்போம், யாரும் படிப்பதில்லை. இந்த மனுஷர் எச்சரிக்கையைக் கதைக்குள்ளேயே கரைத்துவிட்டார். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சேஃப்டி போர்டு கிடையாது.

1929-ல் இந்நாடகத்தின் உரிமையை லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்கே கொடுத்துவிட்டார். 1987-ல் காப்புரிமைக் காலம் முடிந்தது. அடுத்த வருஷமே பிரிட்டிஷ் பார்லிமென்ட் சட்டம் போட்டு, அந்நாட்டில் ராயல்டி தொடர்ந்து மருத்துவமனைக்கே போகும்படி செய்தது. நன்கொடை ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் நிற்கும் நம் பொருளாளர் இதைக் குறித்துக்கொள்ளலாம்!

சினிமாவுக்கு வருகிறேன். மேடையில் டிங்கர் பெல் என்ற தேவதைக்கு உருவமே இல்லை. கண்ணாடியில் பட்டு ஓடும் ஒரு வெளிச்சப் பொட்டு, ஒரு மணிச் சத்தம், அவ்வளவுதான். விஷம் குடித்து அந்த வெளிச்சம் மங்கும்போது பீட்டர் சபையைப் பார்த்து, தேவதைகளை நம்புகிறவர்கள் கை தட்டுங்கள் என்கிறான். யாரும் தட்டாவிட்டால்? பாரி அந்தப் பயத்தில், வாத்தியக்காரர்களை முதலில் தட்டச் சொல்லி வைத்திருந்தாராம். நம்ம பாஷையில் ஸ்டாண்ட்பை. முதல் நாளே அது தேவைப்படவில்லை.

ஹெர்பர்ட் பிரெனன் 1924-ல் எடுத்த பேசாப்படத்திலும் இந்தக் காட்சி உண்டு. பாரியே தேர்ந்தெடுத்த பெட்டி பிரான்சன் என்ற பெண்தான் பீட்டர். ஆனால் தட்டினாலும் தட்டாவிட்டாலும் ஃபிலிம் ஓடத்தானே போகிறது? டிஸ்னிகாரர்கள் அந்த வம்பே வேண்டாமென்று கைதட்டலை எடுத்துவிட்டார்கள். லண்டன் மேல் பறக்கும் காட்சி கார்ட்டூனில் பிரமாதம், மறுக்கவில்லை. இருந்தாலும் என் ஓட்டு மேடைக்குத்தான். அங்கே ஒரு உயிர் பார்க்கிறவன் கையில் இருக்கிறது.

தம்பிகளே, கல்ச்சுரல்ஸில் இதைப் போடுவதாக இருந்தால் ஒரு தபால் போடுங்கள், வந்து கம்பியைப் பார்த்துத் தருகிறேன். ஆளைத் தூக்குவதென்றால் ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி பத்துக்குக் கீழே நான் கையெழுத்துப் போடமாட்டேன்.