கடலில் நின்றுபோகும் எஞ்சின்

கல்முனைக் கரையில் வைகறை வேளையில் நிற்பவர் செவியிற் பாங்கொலிக்கு அடுத்ததாக விழுவது, படகின் வெளியிணைப்பு எஞ்சினை உயிர்ப்பிக்கக் கயிற்றை இழுக்கும் ஓசையாகும். சில எஞ்சின்கள் மூன்றாம் இழுப்பிலே பேசும். சிலவோ இருபது இழுத்தாலும் வாய்திறவா.

நான் கலைப் பட்டதாரி; இயந்திர நூல் பயின்றவன் அல்லேன். ஆயினும், வாடைக் காலத்து மழைநாளொன்றில் என் மாணவன் ஒருவன் பாடசாலைக்கு வாராதிருந்தான். “வாப்பாட எஞ்சின் கடல்ல நின்டு போச்சாம், சேர், இன்னும் கரைக்கு வரல்ல” என்று அவன் தம்பி வந்து சொன்னான். மறுநாள் வேறொரு படகு அவரைக் கட்டியிழுத்து வந்தது. எஞ்சினில் யாதொரு பழுதும் இல்லை. பெற்றோற் போத்தல் வெறுமையாயிருந்தது, அவ்வளவே!

இதன் காரணத்தைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறேன். நம்மவர் எஞ்சின்களிற் பல மண்ணெண்ணெயில் ஓடுவன. பெற்றோல் கடுங்குளிரிலும் எரியத்தக்க ஆவியை விடும்; மண்ணெண்ணெய்க்கோ ஏறத்தாழ 38 பாகைச் சூடேனும் வேண்டும். ஆகவே, பெற்றோலில் தொடக்கி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓடவிடல் வேண்டும். அங்ஙனம் செய்யாவிடின் காபரேற்றரில் மண்ணெண்ணெயே தேங்கி நிற்கும். ஆறிய எஞ்சின் அதனால் தீப்பற்றாது. வலை வளைக்க நிறுத்திய அந்த மனிதருக்கு நேர்ந்தது இதுவே.

எஞ்சின் தொடங்க மறுத்தால், முதலில் நிறுத்துவிசையின் கயிற்றுக் கொளுவி உரிய இடத்தில் உண்டா என்று பாருங்கள். இதனை மறந்து தோள் வலிக்க இழுத்தோர் பலர். அடுத்து, எண்ணெய்த் தாங்கி மூடியின் காற்றுத் திருகு. பின்னர் பிளக்கைக் கழற்றுங்கள். கறுத்து நனைந்திருந்தால் எரிபொருளோ ஓயிலோ மிகுதி. வெளுத்திருந்தால் எஞ்சின் மிகச் சூடாகிறது. மண்ணிறமாயிருந்தால் குற்றம் வேறிடத்தில். வேகத்தில் நன்றாக ஓடி, மெதுவாக்கியதும் அணைந்துபோகும் எஞ்சினில் பெரும்பாலும் காபரேற்றரின் நுண்துளையொன்று அடைபட்டிருக்கும். அல்லது எரிபொருளில் நீர் கலந்திருக்கும். அலை உடையுமிடத்தில் எஞ்சின் அணைந்தால் படகு குறுக்கே திரும்பிக் கவிழும் என்பதை நம் கரையாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி, எஞ்சினை மாற்றியமைக்கும் வழக்கத்துக்கு வருவோம். மலிவு கருதியே பெற்றோல் எஞ்சின்களைச் சிலர் மண்ணெண்ணெய்க்குத் திருப்பினர். அந்த மலிவும் 2022 ஓகஸ்ற்றில் குலைந்தது. லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே முறையில் 340 ரூபாவாயிற்று. மண்ணெண்ணெய்க்கென்றே ஆக்கப்பட்ட எஞ்சினில் அழுத்தம் குறைவு. பெற்றோல் எஞ்சினின் உயர்ந்த அழுத்தத்தில் மண்ணெண்ணெய் முறைதவறி வெடிக்கும். சுத்தியலால் தட்டுவதுபோல ஓசை எழும். ஈற்றில் பிஸ்ரனே துளைபடும். இன்னும் சிலர், எஞ்சினின் சூட்டைச் சீராக்கும் வால்வை, “நம் கடல் சூடான கடல்தானே” என்று கழற்றி எறிகின்றனர். எஞ்சின் குளிர்ந்தே ஓடும். மண்ணெண்ணெய் முற்றும் எரியாது. பிளக் நாள்தோறும் கரிபிடிக்கும். பிறகு பழி பிளக் விற்ற கடைக்காரருக்கு!

பனிநாடான கனடாவிலே, 1959 இல் விற்பனைக்கு வந்த ஸ்கீடூ என்னும் பனிச்சறுக்கு வண்டியைத் தொடக்கத்தில் நான்கடிப்பு எஞ்சினே இழுத்தது. அங்கே குளிர் செய்யும் தொல்லையை இங்கே உப்பும் மணலும் செய்கின்றன.

அந்த மாணவனின் வாப்பா இப்பொழுது இரண்டு பெற்றோற் போத்தல்கள் கொண்டுபோகிறார். ஒன்றை அணியத்தில் வலைக்கு அடியிற் கட்டிவைத்திருக்கிறார். அதனை இதுவரை திறக்கவில்லையாம்.