சூளை நெருப்புக்கு இருக்கிற நேர்மை

நடுவர் அவர்களே! எங்களை ஒரு கை பார்த்துவிடுவது என்று எதிரே உட்கார்ந்திருக்கிற நண்பர்களே! பழமலைநாதர் குடிகொண்டிருக்கிற விருத்தாசலத்துப் பெரியோர்களே, தாய்மார்களே!

ஊக்கமருந்திலே மாட்டுகிற வீரர்களுக்குக் கிடைப்பது ஒரே நீதியா, ஆளுக்கொரு நீதியா? இதுதான் கேள்வி. ஆளுக்கொரு நீதிதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

இது பீங்கான் ஊர். சூளையிலே பொம்மையும் அடுக்குறாங்க, அகல் விளக்கும் அடுக்குறாங்க. “இது பெரிய வீட்டுக் கொலுவுக்குப் போற பொம்மை, பதமாச் சுடுவோம், இது குடிசைக்குப் போற விளக்கு, போட்டுக் கருக்குவோம்”னு நெருப்பு என்னைக்காவது பேதம் பார்த்திருக்கா? (சிரிப்பு) அந்த நெருப்புக்கு இருக்கிற நேர்மை விளையாட்டு உலகத்துக்கு இல்லை, நடுவர் அவர்களே!

திருச்சிப் பக்கம் முடிகண்டம் கிராமம். அங்கே பிறந்த கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரலில் தோஹாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் தங்கம் வாங்கினார். 2 நிமிடம் 2.70 விநாடி. தமிழ்நாடே கொண்டாடியது. அடுத்த மாதமே, சிறுநீரில் நான்ட்ரோலோன் என்ற ஸ்டீராய்டின் தடயம் என்று செய்தி வந்தது. தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்றார் அவர். எடுபடவில்லை. 2020-இல் தீர்ப்பு வந்தது: நான்காண்டுத் தடை, தங்கமும் பறிபோனது. முப்பது வயசு ஓட்டக்காரிக்கு நாலு வருஷம்னா, அது தடையா? வாழ்க்கைக்கே போட்ட பூட்டு!

இன்னொன்று கேளுங்கள். மார்ச் மாதமே பாட்டியாலாவில் எடுத்த மாதிரியிலும் அதே மருந்து இருந்தது. அந்த முடிவு வருவதற்குள் தோஹா பந்தயமே முடிந்துவிட்டது. சோதனை நிதானமா நடக்குது, ஓடுற பொண்ணு வேகமா ஓடிட்டா. அது அவ குத்தமா? (கைதட்டல்)

அதே 2019. கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவின் மாதிரியில் டெர்புட்டலின் இருந்தது. இருமல் மருந்தில் வருவது. எட்டு மாதத் தடை. அறிவித்தது ஜூலை 30. கணக்கு மட்டும் மார்ச் 16-லிருந்து! நடுவிலே ஐ.பி.எல். பந்தயம் ஆடியே முடிச்சாச்சு. “போன வாரம் மூணு வேளையும் சாப்பிட்டியே கண்ணு, அதைப் பட்டினின்னு கணக்குல வச்சுக்கோ”ன்னு தண்டிக்கிற அம்மாவை எங்கேயாவது பார்த்திருக்கீங்களா? (பலத்த சிரிப்பு)

அப்போது கிரிக்கெட் வாரியம் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான ‘நாடா’வுக்குக் கட்டுப்படவில்லை. 2019 ஆகஸ்டில்தான் ஒத்துக்கொண்டது. இது ஒரு நல்ல மாற்றம், மறுக்க மாட்டேன்.

“இருமல் மருந்தும் ஸ்டீராய்டும் ஒண்ணா?” என்று எதிரணித் தலைவர் கேட்டார். ஒண்ணில்லை ஐயா, ஒத்துக்கொள்கிறேன். அப்போ ஸ்டீராய்டுக்கு ஸ்டீராய்டாகவே பார்ப்போம். டென்னிஸ் வீரர் யானிக் சின்னர். 2024 மார்ச்சில் இரண்டு முறை குளோஸ்டெபால் என்ற ஸ்டீராய்டு தெரிந்தது. உடம்பு பிடித்துவிடுகிறவர் தன் விரலில் அடித்த மருந்து, கை வழியாகத் தன் உடம்புக்கு வந்தது என்றார். நம்பினார்கள். 2025 பிப்ரவரியில் மூன்று மாதத் தடைக்கு உடன்பாடு. மே மாதம் திரும்பி வந்தார். ஒரு கிராண்ட் ஸ்லாம் கூடத் தவறவில்லை. ஜூலையில் விம்பிள்டன் கோப்பையே வாங்கினார்!

அமெரிக்க பேஸ்பாலில் முதல் தடவை மாட்டினால் 80 ஆட்டம்தான் தடை, அதாவது பாதி சீசன். அங்கே முதலாளிகளும் வீரர்கள் சங்கமும் உட்கார்ந்து பேசி எழுதிய விதி. நம்ம ஓட்டக்காரிக்கு எந்தச் சங்கம் பேசும்?

உலக அமைப்புக்குப் பேரே ‘வாடா’. ஏழையைப் பார்த்தா ‘வாடா’, பணக்காரனைப் பார்த்தா ‘வாங்க, உட்காருங்க’! (கைதட்டல், சிரிப்பு)

சின்னர் பொய் சொன்னார் என்றோ, கோமதி குற்றமற்றவர் என்றோ நான் தீர்ப்பு எழுத வரவில்லை. சிலப்பதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். கண்ணகி கையிலே இன்னொரு சிலம்பு இருந்தது. அவையிலே உடைத்தாள், மாணிக்கப் பரல் தெறித்தது, உண்மை விளங்கியது. சின்னர் கையிலே அந்த இன்னொரு சிலம்பு இருந்தது: வக்கீல், நிபுணர், மருந்து வாங்கிக் கொடுத்த ஆள், சாட்சி. கிராமத்துப் பெண் கையிலே என்ன இருக்கு உடைச்சுக் காட்ட? பயிற்சி முகாமிலே குடுத்த பொடியிலே என்ன இருந்துச்சுன்னு அவளுக்கு யார் சொன்னா? மருந்து எப்படி உள்ளே வந்தது என்று நிரூபிக்கிற பாரம் மாட்டினவர் தலையிலேதான் விழுகிறது. நிரூபிக்கக் காசு வேண்டும். அப்போ நீதிக்கு விலை வந்துவிட்டது அல்லவா?

தண்டனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருந்து குடிச்சு ஓடுறவன், பக்கத்துப் பாதையிலே பழைய சோத்தைச் சாப்பிட்டு ஓடுற புள்ளையோட பதக்கத்தைத் திருடுறான். தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் சோதனை முடிவு சீக்கிரம் வரட்டும். வாதாட வழியில்லாதவருக்கு அரசு செலவிலே வக்கீல் கிடைக்கட்டும். பயிற்சியாளரையும் மருத்துவரையும் தண்டிக்க விதியிலே இடமிருக்கிறது. அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் புரட்டட்டும்.

தாய்மார்களே, உங்க வீட்டுப் புள்ளை மைதானத்துக்குப் போகுதா? யார் மாத்திரை குடுத்தாலும், பொடி குடுத்தாலும், “இதுல என்ன இருக்கு?”ன்னு கேட்கச் சொல்லிக் குடுங்க. அந்த ஒரு கேள்விக்குக் காசு கிடையாது. அதைக் கேட்காமல் விட்டால் போவது நாலு வருஷம்.

ஆகவே நடுவர் அவர்களே, இன்றைக்குக் கிடைப்பது ஆளுக்கொரு நீதியே என்று தீர்ப்பளிக்குமாறு கேட்டு அமர்கிறேன். (பலத்த கைதட்டல்)