முதல் ஊசிக்கு முன்னர்

(எமது சங்கக் கூட்டத்திலே பல்கலைக்கழக மாணவ உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள் சபையிலே பேசக் கூசும் பொருள். நான் கற்ற மிஷன் பாடசாலையிலே விலங்கியல் ஆசிரியர் தவளையின் இனவிருத்தியை இரண்டு நாள் விரித்து விளக்கினார்; மனிதனுடைய இனவிருத்தி வந்தபொழுது, "இதை வீட்டிலே வாசித்துக்கொள்ளுங்கள்" என்று கூறிப் பக்கத்தைப் புரட்டிவிட்டார். வீட்டிலே யார் சொல்லித்தருவார்? ஆயினும் இந்தக் கூச்சம் காரணமாக இளைஞர் சிலர் தந்தையாகும் பேற்றையே இழக்கின்றனர் என்று அறிந்தபின் வாளாவிருத்தல் முறையன்று. பெரியோர் பொறுத்தருள்க.

புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் இரசாயன மருந்துகள் விரைவாகப் பிரிந்து பெருகும் கலங்களை அழிப்பன. நோய்க்கலங்கள் அவ்வாறு பெருகுவன. மயிர் வேரிலுள்ள கலங்களும் விந்தணுவை உண்டாக்கும் கலங்களும் அவ்வாறே பெருகுவன. மருந்துக்கு நண்பன் யார், பகைவன் யார் என்று தெரியாது. தலைமயிர் உதிர்வதை ஊரார் எல்லோரும் காண்பர். மற்றைய இழப்பை எவரும் காணார். ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதம் செல்லும். அதனைப் பிறப்பிக்கும் மூலக்கலங்கள் தப்பினால், சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ உற்பத்தி மீளும். அவையும் அழிந்தால் மீளாது. ஆண்மைக்குரிய ஓமோனைச் சுரக்கும் கலங்களோ வேறானவை; அவை மருந்தைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆகவே தாடி வளரும், குரல் மாறாது, வெளித்தோற்றத்தில் ஒரு குறையும் தெரியாது. பின்னர் மணமாகிப் பிள்ளை பிறவாவிட்டால் ஊர் யாரைப் பழிக்கும்? வந்த மருமகளைத்தான். இங்கிருக்கும் தாய்மார் இதனைச் சற்றே சிந்திக்க வேண்டும்.

எல்லா மருந்தும் ஒரே தன்மையன அல்ல. நிணநீர்க் கணுக்களிலே தோன்றும் ஹொட்ஜ்கின் நோய் இளைஞரைப் பெரிதும் பற்றுவது. 1960களில் அமெரிக்காவிலே நான்கு மருந்துகளைச் சேர்த்து அதற்குச் சிகிச்சை வகுத்தனர். அதுகாறும் மாண்டுகொண்டிருந்தவர் பலர் பிழைத்தனர்; ஆனால் பிழைத்த ஆண்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் விந்தணு அற்றுப்போயிற்று. 1970களில் இத்தாலியின் மிலான் நகரிலே வகுக்கப்பட்ட வேறொரு கூட்டு மருந்தோ, அதே நோயைக் குணப்படுத்தியும் பெரும்பாலானோருக்கு அவ்வாற்றல் மீள இடந்தருகின்றது. ஆகையால் எந்த மருந்து, எவ்வளவு என்று வைத்தியரை வினவியே அறியவேண்டும். இன்னுமொன்று: சைக்கிளோபொஸ்பமைட் என்னும் மருந்து புற்றுநோய்க்கு மட்டுமன்றிச் சில சிறுநீரக நோய்களுக்கும் வழங்கப்படுகின்றது. நமக்குப் புற்றுநோய் இல்லையே என்று இருந்துவிடலாகாது.

இதற்குப் பரிகாரம் எளியது. சிகிச்சை தொடங்குமுன் விந்தைச் சேகரித்து உறையச்செய்து வைத்தலே அது. வெறுமனே உறையவைத்தால் பனிக்கட்டிப் பளிங்குகள் கலத்தைச் சிதைத்துவிடும். 1949ஆம் ஆண்டில் இலண்டனிலே கிறிஸ்ரோபர் போல்ஜ், ஓட்ரி சிமித், அலன் பாக்ஸ் என்னும் மூவர் சேவலின் விந்தைக் கொண்டு ஆராய்ந்தபொழுது, கிளிசரோல் கலந்தால் அது உறைந்தும் உயிர் தாங்கும் எனக் கண்டனர். பழச்சர்க்கரைக் கரைசல் என்று எண்ணி எடுத்த போத்தலிலே கிளிசரோல் இருந்ததாம்! சீட்டு மாறி ஒட்டப்பட்டமையால் உலகுக்கு இவ்வளவு நன்மை. 1953இல் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்தில் ஜெரோம் ஷேர்மனும் அவரோடு உழைத்த வைத்தியரும் உறைந்த மனித விந்தினாலும் கருவுண்டாகும் என நிறுவினர். இன்று திரவ நைதரசனிலே, பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகையில், அது வைக்கப்படுகின்றது.

எவ்வளவு காலம் கெடாதிருக்கும்? இங்கிலாந்திலே 1979இல் விதைப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் 17 வயது இளைஞர் ஒருவர் சேமித்த விந்தினால், 21 ஆண்டுகளின் பின் மனைவி கருவுற்று, 2002இல் ஆண் குழந்தை பிறந்தது. துவிச்சக்கரவண்டி வீரர் லான்ஸ் ஆம்ஸ்ரோங்கை நீங்கள் அறிவீர்கள். 1996 ஒக்டோபரில், 25ஆம் வயதில், அவரது நோய் விதையிலிருந்து நுரையீரல், மூளை வரை பரவியிருந்தது. உயிரே ஊசலாடிய அந்நாட்களிலும் மருந்து ஏற்றுமுன் விந்தைச் சேமித்தார். 1999 ஒக்டோபரில் அதனால் ஒரு மகன் பிறந்தான். (ஊக்கமருந்துக் குற்றத்துக்காக 2012இல் அவர் பட்டங்களை இழந்தது வேறு கதை.) நோயினாலேயே விந்தணுக்கள் குறைந்திருந்தாலும் மனம் தளரவேண்டியதில்லை. ஒரேயொரு விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் செலுத்திக் கருவாக்கும் முறை 1992 தொடக்கம் பிரசல்ஸ் நகரிலிருந்து உலகெங்கும் பரவியுள்ளது.

ஆனால் எல்லாம் முதல் ஊசிக்கு முன்னர் நிகழவேண்டும். மருந்து உடலிற் புகுந்தபின் எடுப்பது தக்கதன்று; விந்தணுவின் மரபுப்பொருள் பழுதடைந்திருக்கக்கூடும். பெரும்பாலான நோய்களில் ஒன்றிரண்டு நாள் தாமதிக்க இடமுண்டு. கடும் இரத்தப் புற்றுநோய் போன்றவற்றில் அதுவும் இராது. அங்கே உயிரே முதன்மை. 2006இலேயே அமெரிக்கப் புற்றுநோய் வைத்தியர் சங்கம், இதனை நோயாளியிடம் முன்கூட்டியே எடுத்துரைத்தல் வைத்தியர் கடனென வகுத்தது. எனினும் நெருக்கடியில் வைத்தியர் மறக்கலாம். மகரகமைக்கோ தெல்லிப்பழைக்கோ மகனை அழைத்துச் செல்லும் தந்தை என்ன கேட்பார்? "பிழைப்பானா, ஐயா?" அடுத்த கேள்வி நாவில் வராது. மகனோ தகப்பனார் முன்னிலையில் வாய்திறவான். பெரியோர்களே, நீங்கள் ஐந்து நிமிடம் வெளியே நின்றால் அவன் வைத்தியரிடம் தானே கேட்டுக்கொள்வான். அண்ணனோ மாமனோ கூடச்சென்றால் அவனுக்குப் பின்னும் இலகு.

பருவமடையாத சிறுவரிடம் சேமிக்க விந்து இல்லை. விதையின் சிறு துணுக்கை உறையவைக்கும் முறை இன்னும் பரிசோதனை நிலையிலேயே உள்ளது, அவ்வளவே கூறலாம்.

சேமித்தவன் இறந்துவிட்டால் அது யாருக்குரியது? இதனை அவனே முன்னதாக எழுதிக் கையொப்பமிடல் வேண்டும். பிரித்தானியாவில் 1990ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய எழுத்துச் சம்மதத்தைக் கோரியது. தாய்தந்தையர் பேரன்மீது கொண்ட ஆசை அந்தக் கையொப்பத்துக்கு ஈடாகாது.

தலைவர் அவர்கள் மணியைத் தொடுகின்றார். வினாவுள்ளோர் சபையிலே கேட்கக் கூசினால், கூட்டம் முடிந்தபின் வாசலிலே நிற்பேன்.